லண்டன் வழியாகச் சென்னைக்கு

பிப்ரவரி 3, திங்கள்

ஆவுடையப்பன் சார் இன்று ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். தணிக்கை வருகிறதாம், மார்ச் முடியும்வரை யாருக்கும் விடுப்பு கிடையாதாம். மருத்துவச் சான்று இருந்தால் தரலாம், விளையாட்டுப் போட்டி என்றால் தரலாம், மற்ற எந்தக் காரணமும் செல்லாது. தபால் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்த எனக்கே இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிறார்கள். போட்டேன். எனக்கு விடுப்பு தேவையில்லை. நான் எங்கும் போகப்போவதில்லை. தகவலுக்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் கதிரேசன், பஸ் டிப்போவில் டைம் கீப்பர். தொட்டியைப் பார்க்க அவருக்கு நாற்பது நிமிஷம் ஆகும், கையில் செல்போனும் வேண்டும். ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று முறை இப்படித்தான் தொட்டி பார்க்கிறார். கீழே வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மார்ச் பத்து வாக்குலன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம்" என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

"யாருக்கோ."

சாம்பாரில் இன்று உப்பு கூடிவிட்டது. அவர் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

விளையாட்டுப் போட்டி அறிவிப்பு பலகையில் ஒட்டியிருக்கிறது. அரசு ஊழியர் மகளிர் பிரிவு. மாவட்டத்தில் ஜெயித்தால் மார்ச் 7, 8, 9 சென்னையில் மாநிலப் போட்டி. சிறப்பு விடுப்பு உண்டு. எறிபந்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்காது. கேரமுக்குக் கணக்குப் பிரிவு கோமதி பெயர் கொடுத்துவிட்டாள், நான்கு வருஷமாக அவள்தான் கப் வாங்குகிறாள். சதுரங்கத்துக்கு நேரே ஒரு பெயர்கூட இல்லை.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பெண்கள் வேலை செய்கிற அலுவலகத்தில் துறையின் பெயரைக் காப்பாற்ற ஒருத்திகூடவா இல்லை? பேனாவை எடுத்து "திருமதி கா. சௌந்தரநாயகி" என்று நானே எழுதினேன்.

ஆவுடையப்பன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மேடம், உங்களுக்கு செஸ் தெரியுமா?"

"தெரியாமலா சார் பேர் கொடுப்பாங்க?" என்றேன்.

சின்ன வயதில் பல்லாங்குழி நன்றாக ஆடுவேன். இதுவும் காய்தானே. இதில் குழி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

துறையின் கௌரவத்துக்காகத்தான் பெயர் கொடுத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு மகள் கிடையாது என்று நான் போன வருஷத்துக்கு முந்தின வருஷமே அலுவலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொள்ளாமல் ரெஜிஸ்டர் ஆபீசில் தானே போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டவள், பிறகு ஒரு போன்கூடப் போடாதவள், என் மகளாக இருக்க முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

எங்கள் ஜீப் டிரைவர் சிக்கந்தர் செல்போனில் எப்போதும் செஸ் ஆடிக்கொண்டிருப்பான். சார் மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் அவனுக்கு வேறு வேலை கிடையாது. மத்தியானம் டிபன் பாக்ஸோடு ஜீப்புக்கே போய்விட்டேன்.

"சிக்கந்தர், எனக்கு செஸ் சொல்லிக்கொடு."

"எதுக்குக்கா?"

"ஜெயிக்கத்தான்."

வீட்டுப் பரணிலிருந்து நான் எடுத்துப்போன பலகையை ஜீப் பானெட்டின் மேல் பரப்பினான். பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. என்ன பெயர் என்று படிக்கவில்லை, கண்ணாடி போடாமல் போயிருந்தேன். வெள்ளைச் சிப்பாய் ஒன்று காணோம், அதற்குப் பதில் தைல பாட்டில் மூடியை வைத்துக்கொண்டோம்.

யானை நேராகப் போகும். மந்திரி கோணலாகப் போவார். குதிரை இரண்டு கட்டம் நேராகப் போய் ஒரு கட்டம் திரும்பும், அது ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. எல்லா வேலையையும் ராணிதான் பார்க்கிறாள். ராஜா ஒரு கட்டத்துக்கு மேல் நகரமாட்டாராம், ஆனால் அவர் போனால் ஆட்டமே போச்சாம். எங்கள் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நான்கு நாளாக சிக்கந்தரிடம் பதினொரு ஆட்டம் தோற்றிருக்கிறேன். இன்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, உங்களுக்கு யோசிச்சு ஆடுறதெல்லாம் வேணாம். ஒரே ஒரு ஓபனிங் போதும். லண்டன் சிஸ்டம்."

ஓபனிங் என்றால் ஆட்டத்தைத் தொடங்கும் முறை, முதல் ஏழெட்டு நகர்த்தல். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர், ஆள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த லண்டனில் எட்டே படி. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம், அவள் பக்கத்து மந்திரி வெளியே, இப்படியே போய் எட்டாவது படியில் ராஜாவையும் யானையையும் இடம் மாற்றிக் கோட்டை கட்டிவிட வேண்டும்.

"எதிராளி என்ன செஞ்சா என்ன செய்யணும்?" என்றேன்.

"அதுதான்க்கா லண்டன்ல விசேஷம். அவங்க என்ன செஞ்சாலும் நீங்க பாட்டுக்கு இதையே செய்யலாம்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எவன் என்ன மனு கொண்டுவந்தாலும் "பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதிலை இருபத்தெட்டு வருஷமாக எழுதியவள் நான். இந்த லண்டனைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாகத் தபால் பிரிவில் இருந்திருக்க வேண்டும். எட்டுப் படியையும் விடுப்புச் சுற்றறிக்கையின் பின்பக்கம் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, எனக்குக் கறுப்புக் காய் வந்தா?"

"இதையே கறுப்புல ஆடுங்க."

"அப்ப அது எந்த ஊரு?"

"அதுவும் லண்டன்தான்க்கா. கரண்ட் போன லண்டன்."

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டில் அவரோடு பயிற்சி. அவருக்குக் காய் நகர்த்தத் தெரியாது, ஆனால் கையில் வாட்ச்சைக் கழற்றி வைத்துக்கொண்டு, "ஏழு மணி நாற்பத்திரண்டு. மூணாவது மூவ் ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று அறிவிக்கிறார். மதுரை பஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.

நடுவில், "மேகலா ஆறாப்பு படிக்கையில இதே பலகையிலதான்..." என்று ஆரம்பித்தார்.

"விளையாட்டுல பேசக்கூடாது" என்றேன்.

அவர் தொட்டி பார்க்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவருடைய பழைய பருத்தி வேட்டிகள் நான்கை வெந்நீரில் அலசி, காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்தேன். நன்றாகப் பழகிய துணி, பூப்போல இருக்கிறது. செஸ் காய் துடைப்பதற்கு.

"இத்தனை துணியா?" என்றார்.

"முப்பத்திரண்டு காய் இருக்குல்ல."

அவர் எண்ணிப் பார்த்தார். நாற்பது துண்டு இருந்தது. ஏன் எட்டு அதிகம் என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக் கொடுத்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

பயமாக இருக்கிறது. சதுரங்கத்தை நினைத்து இல்லை.

பிப்ரவரி 22, சனி

மாவட்டப் போட்டி. ஜெயித்துவிட்டேன்! சொல்லிவிட்டு ஆற அமர எழுதுகிறேன்.

மகளிர் சதுரங்கத்துக்கு மொத்தமே நான்கு பேர். அரையிறுதியில் என்னோடு ஆட வேண்டியவள் வரவேயில்லை, அக்கா மகளுக்குச் சடங்காம். அவள் நன்றாக இருக்கட்டும். நேராக இறுதி ஆட்டம். எதிரே வேறொரு துறையிலிருந்து இந்துமதி என்று ஒரு சின்னப் பெண், முப்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் அவள் ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். என் பக்கம் கயிற்றுக்கு அந்தாண்டை சிக்கந்தர்.

எனக்கு வெள்ளை. முதல் படி, சிப்பாய். இரண்டாவது படி, மந்திரி. மூன்றாவது படியும் வைத்தேன். அப்போது அந்தப் பெண் தன் ராணியைத் தூக்கி என் மந்திரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் கோணலாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே எட்டு, மந்திரி அவளை வெட்டிவிடலாம். எனக்கும் தெரிந்தது, நான் ஒன்றும் குருடி இல்லை. ஆனால் நான்காவது படி என்ன? குதிரையை வெளியே எடுப்பது. குதிரையை எடுத்தேன்.

சிக்கந்தர் பக்கமிருந்து "யா அல்லா" என்று ஒரு சத்தம் வந்தது.

இப்போது அவள் ராணியை என் மந்திரியும் வெட்டலாம், குதிரையும் வெட்டலாம். அவள் அதை நகர்த்தவில்லை. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஐந்தாவது படியை வைத்தேன். அவள் அதே ஓரத்துச் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினாள். ஆறாவது படி. இன்னொரு கட்டம். அவள் நெற்றியில் வேர்த்தது. ராணியை விரலால் இலேசாகச் சுட்டிக்காட்டுவது போலக்கூட இருந்தது. ஏழாவது படி. சிக்கந்தர் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. நடுவில் ஒரு அவசரத் தபால் வந்தது என்பதற்காக எடுத்த கோப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓட நான் என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்தவளா?

எட்டாவது படி, கோட்டை கட்டினேன். கோப்பு முடிந்தது. அவள் என்னத்தையோ நகர்த்தினாள். அப்புறம்தான் நிதானமாக மந்திரியை எடுத்து ராணியை வெட்டினேன். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்தப் பெண்ணும் விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இழுத்தது. ராணி போன ஆளை எப்படி முடிப்பது என்று லண்டனில் எழுதவில்லை. அவள் ராஜாவைத் துரத்தினேன், அது எங்கெங்கோ ஓடியது. கடைசியில் அவள் ஆபீசர் டீ குடிக்க வெளியே போனார். அவர் முதுகு வாசலைத் தாண்டியதுதான் தாமதம், இந்துமதி கடிகாரத்தை நிறுத்திவிட்டு தோற்றதாக ஒப்புக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. மார்ச் ஏழாம் தேதி எங்க புது வீட்டுக்குப் பால் காய்ச்சறோம். ஜெயிச்சா சென்னைக்குப் போகணும். சும்மா கை கொடுத்தா மெமோ தருவேன்னு சார் பின்னாடியே நிக்கிறாரு. மூணாவது மூவ்லயே ராணியைக் கொடுத்தேன், நீங்க வாங்கவே மாட்டேன்னுட்டீங்க!"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்மா" என்றேன்.

சிக்கந்தர் ஜீப்பில் என்னை வீட்டில் இறக்கிவிட்டான். இறங்கும்போது, "அக்கா, சென்னையில ராணி கெடைச்சா ஒடனே எடுத்துக்கங்க" என்றான். சரி என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சிறப்பு விடுப்பு ஆணை கைக்கு வந்துவிட்டது. மார்ச் 6 முதல் 10 வரை, பயண நாள் உட்பட. ஆவுடையப்பன் சார் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கோமதி கேரமில் இந்த முறை தோற்றுவிட்டாள். பாவம்தான். ஆனாலும் மைசூர்பாகு எனக்கு இனித்தது.

மார்ச் 3, திங்கள்

சென்னைக்கு எடுத்துப்போக வேண்டியவற்றைக் கட்டிவைத்தேன். வெள்ளைப் புடவை வேண்டாம், கசங்காத புடவை மூன்று. செஸ் பலகை. துணித் துண்டு நாற்பது. வெண்ணெய் உருக்கிய நெய் ஒரு பாட்டில். உரித்த பூண்டு ஒரு கிலோ. சுக்கு, திப்பிலி, ஓமம் போட்டுக் கிண்டிய லேகியம் ஒரு டப்பா. மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடினால் வாய்வு பிடிக்கும், அதற்கு.

"பிரசவ லேகியம்தான இது?" என்றார் அவர்.

"வாயுக்கும் கேக்கும்" என்றேன்.

அவரும் லீவு போட்டிருக்கிறார். துணைக்கு வருகிறாராம். வரட்டும், யார் தடுத்தது.

மார்ச் 7, வெள்ளி

சென்னை. ஆட்டக்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் நேராக, ரெஜிஸ்டர் ஆபீசில் அவளோடு கையெழுத்துப் போட்ட அந்த ஆல்வின் வீட்டுக்குப் போய்விட்டார், மூட்டையெல்லாம் அவரோடு. நெய், பூண்டு, துணி எல்லாம். "காய் தொடைக்கிற துணி வேணாமா?" என்று வேண்டுமென்றே கேட்டார். இங்கே காயெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன்.

இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. முதல் ஆட்டத்தில் யாரும் ராணியைக் கொடுக்கவில்லை. இரண்டாவதில் நான்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம், நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். "வர்றியா?" என்றார்.

"அவ வரச் சொன்னாளா?"

ராத்திரிச் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் சும்மா காலாற நடக்கலாம் என்று கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஒரு டீக்கடைக்குப் போனேன். அங்கே காபி நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் என்று மறந்துவிட்டது. கடைக்கு எதிரே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டாம் மாடியில் ஜன்னல்களில் பச்சைத் திரை போட்டிருக்கிறார்கள். மூன்று காபி குடித்தேன். சுமார்தான்.

மார்ச் 8, சனி

ஒரு தோல்வி, ஒரு டிரா. அப்புறம் எதிராளி மயங்கி விழுந்ததால் ஒரு வெற்றி. உபவாசமாம். என் குளுக்கோஸ் பாக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன்.

மறுபடியும் அந்த டீக்கடை. காபி சுமார் என்று தெரிந்தும் ஏன் போனேன் என்று கேட்டால், பஸ் அந்தப் பக்கம்தான் போகிறது.

மூன்றாவது காபி குடிக்கும்போது ஃபிளாஸ்க்கோடு ஒரு பையன் வந்து வெந்நீர் கேட்டான். தாடி, சிவந்த கண், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். போட்டோவில் பார்த்ததுதான், ஆனாலும் அடையாளம் தெரிந்தது.

"அத்தை..." என்றான்.

"டோர்னமெண்ட்டுக்கு வந்தேன்" என்றேன்.

"மாமா சொன்னாங்க அத்தை. செஸ்ஸுன்னு."

"ஆமா. செஸ்ஸு."

"மேல வர்றீங்களா?"

"நேரமில்ல. நாளைக்கு ஆட்டம் இருக்கு."

அவன் தலையாட்டினான். போகவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்தான். ராத்திரி பகலாகத் தூங்கியிருக்க மாட்டான். அவனைத் திட்ட வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தயார்பண்ணி வைத்திருந்த வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருந்தன. "சட்டைப் பொத்தானைச் சரியாப் போடு" என்று மட்டும் சொன்னேன். "வெந்நி நல்லா கொதிச்சதான்னு கேட்டு வாங்கு. வெறும் சூடு போதாது." அவன் கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டு வாங்கினான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று எழுத முடியாது. வலது கை வீங்கியிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கை பரவாயில்லை. நேற்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் எட்டரைக்கு அவர் போன் பண்ணினார். வலி எடுத்துவிட்டது என்றார்.

"கூப்பிடுவாளா?" என்று கேட்டேன்.

"உன் பொண்ணாச்சே" என்றார்.

கூப்பிட மாட்டாள் என்று அர்த்தம். நான் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். வா என்று ஒரு வார்த்தை சொல்லாத இடத்துக்கு எப்படிப் போவது? போயிருக்கலாம். எல்லாரும் போவார்கள். எனக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது சுற்று. எதிரே யாழினி என்று ஒருத்தி, இரண்டு தடவை மாநிலச் சாம்பியனாம், உடம்பு சரியில்லாமல் முதல் நாள் ஆடாததால் என் மேஜைவரை இறங்கி வந்திருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நடுவர் ஒலிபெருக்கியில் சொல்வார்: "போனை ஆஃப் பண்ணிடுங்க. மண்டபத்துல யார் போன் அடிச்சாலும் அவங்க ஆட்டம் தோல்வி. காரணமெல்லாம் கேக்க மாட்டோம்." ஐந்து சுற்றிலும் நான்தான் முதலில் ஆஃப் பண்ணியவள்.

லண்டன். எட்டுப் படியும் முடிந்தது. ஒன்பதாவதாக மந்திரியை எடுக்கக் கை நீட்டினேன், கை தவறிக் குதிரையின் மேல் பட்டுவிட்டது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது சட்டம். அந்தக் குதிரைக்குப் போக உருப்படியான இடம் ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் வெட்டுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

யாழினி முகம் மாறிவிட்டது. சும்மா கிடைத்த குதிரையை அவளால் நம்ப முடியவில்லை. இதில் ஏதோ பெரிய சூது இருக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். மற்ற மேஜைக்காரர்களெல்லாம் வந்து எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழ்ந்து திட்டம் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முதல் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் வலிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு மணி நேரம் ஆனது.

அவள் கடிகாரத்தில் ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது. அது முடிந்தால் அவள் தோற்றாள், மாநிலச் சாம்பியனை நான் ஜெயித்தேன். நடுவரே வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

அப்போது மண்டபத்தில் சேவல் கூவியது.

அவர் என் போனில் அதைத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார். நூற்றுப் பத்துப் பேரும் திரும்பினார்கள். கொக்கரக்கோ என்று என் கைப்பையிலிருந்து மறுபடியும் மறுபடியும் கூவியது. எடுத்துப் பார்த்தேன். மேகலா என்று இருந்தது. எனக்கு மகள் கிடையாது என்று சொல்லித் திரிந்தேனே தவிர, நம்பரை நான் அழிக்கவில்லை.

"மேடம், போன் அடிச்சிருச்சு. நீங்க தோத்துட்டீங்க. ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" என்றார் நடுவர்.

"மறந்துட்டேன் சார்" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னேன், இங்கே எதற்கு. மறக்கவில்லை.

எல்லார் நடுவிலும் நின்றுகொண்டே பேசினேன்.

"அம்மா."

"சொல்லு."

"வலிக்குதும்மா."

"வலிக்கத்தான் செய்யும்."

"எங்கம்மா இருக்க? கீழ டீக்கடையில இல்லையே."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு நாளா ஜன்னல் வழியாப் பார்த்துட்டுதான் இருக்கேன். அந்த மட்டமான காபியை எத்தனை டம்ளர்மா குடிப்ப? தானா ஏறி வருவேன்னு பார்த்தேன். வரமாட்ட, எனக்குத் தெரியும். நானே கூப்பிடறேன், போதுமா? வாம்மா."

யாழினி எழுந்து என் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், தோற்ற ஆட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட பேனாவையும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன்.

பிரசவ அறைக்குள் என்னை விட்டார்கள். அவள் என் வலது கையைப் பிடித்தாள், இரண்டு மணி நேரம் விடவில்லை. வலிக்கு வலி நசுக்கினாள். நடுவில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சண்டை போட்டோம்.

"ஒரு போன் பண்ணியா நீ?" என்றாள்.

"நீ பண்ணியாடி?"

"நீதான பெரியவ?"

"நீதான ஓடிப்போனவ?"

"ஓடல. டவுன் பஸ்ல போனேன். அப்பாகிட்ட டைம் கேட்டுட்டுத்தான் போனேன்."

இது எனக்குப் புதுச் செய்தி. அவரை ஊருக்குப் போய்க் கவனித்துக்கொள்கிறேன்.

நர்ஸம்மா, "ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. நீ முக்கும்மா" என்று அதட்டினார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். பெண் குழந்தை. வெளியே அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார், "பன்னிரண்டு நாற்பத்தொன்று" என்று நர்ஸ் சொல்வதற்கு முன் அவரே சொன்னாராம். ஆல்வின் சுவரோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். இந்த முறை பொத்தானெல்லாம் சரியாக இருந்தது. குழந்தையை அவரது பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். மூக்கு எங்கள் பக்கம். காது யார் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை.

சாயங்காலம் மேகலாவுக்கு லேகியம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் ஆட்டம் என்னாச்சும்மா? ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"உன்கிட்டதான்."

சிரித்தாள். சிரித்ததில் தையல் வலிக்கிறது என்று அழுதாள். நானும் அழுதேன். எனக்குத் தையல் ஒன்றும் போடவில்லை.